மணலுக்குப் பதில் உப்பு

அந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். பேச்சே சரியாக வராத பிள்ளைக்கு வாய் அதிகம் என்றால் சிரிப்பீர்கள். ஒரு வார்த்தையை வெளியே தள்ளுவதற்குள் அவளுக்கு முகமெல்லாம் கோணிக்கொள்ளும், கழுத்து நரம்பு புடைக்கும், எச்சில் வழியும். நான் கையைப் பிடித்துக்கொண்டு பொறுமையாகக் காத்திருப்பேன். அவ்வளவு பாடுபட்டு அவள் சொல்லி முடிப்பது, "மிஸ், ஒன் பொடவ நல்லாவே இல்ல." இதற்கா இவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவள் தலையை ஆட்டி ஆட்டிச் சிரிப்பாள்.

நான் அரசுத் திட்டம் ஒன்றில் ஒப்பந்தச் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் சிறப்பாசிரியை. மரக்காணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது என் வேலை. பள்ளிக்கு வருகிற பிள்ளை என்றால் பள்ளிக்குப் போவேன், வர முடியாத பிள்ளை என்றால் வீட்டுக்கு. அனுமந்தையில் மீன்காரர் வீட்டில் ஒரு பையன், கீழ்புத்துப்பட்டில் கண் தெரியாத ஒருத்தி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் அண்ணன் தங்கை இரண்டு பேர். ஈ.சி.ஆர். ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டி ஓட்டியே என் நிறம் போனது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அதற்கு முன்னாலும் நான் ஒன்றும் சிவப்பாக இருக்கவில்லை.

இந்தப் பெண்ணின் வீடு உப்பளத்தை ஒட்டி இருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேருக்கும் உப்பளத்தில் கூலி வேலை. பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை அடிபட்டதால் பிறந்ததிலிருந்தே இரண்டு காலும் இறுகிப் போனவள். அறிவுக்கு ஒரு குறையும் கிடையாது. நாலாம் வகுப்பில் வாய்ப்பாடு கேட்டால் மற்ற பிள்ளைகள் விழிக்கும், இவள் விரலால் தரையில் எழுதிக் காட்டிவிட்டு, எழுதத் தெரியாதவனைப் பார்த்துச் சிரிப்பாள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தினமும் அவளை வீல்சேரில் உட்காரவைத்துப் பள்ளிக்குத் தள்ளிக்கொண்டு வருவார்கள். பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்குகிறான்கள் என்று என்னிடம் புகார் சொல்வாள். எனக்குத் தெரிந்து அந்தக் குலுக்கல் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது.

அவளுக்கு ஒரே ஒரு ஏக்கம், காலைப் பிரேயரில் நிற்க வேண்டும். மணி அடித்ததும் வகுப்பே காலியாகி எல்லாரும் மைதானத்துக்கு ஓடுவார்கள். இவள் மட்டும் உள்ளே உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பாள். தலைமையாசிரியை நல்ல மனுஷி. "வீல்சேரோட கொண்டாந்து வரிசைல விடுறோம்டா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்தார். இவள் மசியவில்லை. "அது நிக்கறது இல்ல. உக்கார்றது" என்று சொல்லிவிட்டாள்.

வாரா வாரம் வியாழக்கிழமை எங்கள் மையத்திலிருந்து வேன் கிளம்பிப் போய் இந்தப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வரும். மையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ளாதீர்கள். பழைய பள்ளிக் கட்டடத்தில் ஓர் அறை. பாய், கண்ணாடி, பிடித்து நடக்க இரண்டு பக்கமும் இரும்புக் கம்பி. கை கால் பயிற்சி கொடுக்கிற பிசியோ சார் ஆள் முரடு. காலைப் பிடித்து நீட்டினார் என்றால் பிள்ளைகள் அலறும். இவள் வலி தாங்காமல் அவரையே "டேய்!" என்பாள். "டேய்னியா? அப்ப இன்னும் ரெண்டு வாட்டி" என்பார் அவர். மறுபடியும் "டேய்!" வெளியே உட்கார்ந்திருக்கும் அம்மாக்கள் எல்லாம் கொல்லென்று சிரிப்பார்கள். இவ்வளவு திட்டு வாங்கியும் அந்த மனுஷன் விடவில்லை. இவளும் ஒரு வியாழக்கிழமைகூட வேனை விட்டதில்லை.

அரையாண்டு லீவுக்குக் கொஞ்சம் முன்னால், இரண்டு காலிலும் காலிப்பர் என்கிற இரும்புச் சட்டத்தை மாட்டி, கண்ணாடிக்கு எதிரே அவளை நிறுத்தி, பிசியோ சார் மெதுவாகக் கையை எடுத்தார். அவள் கம்பியைப் பிடித்திருந்தாள். "கம்பிய விடு" என்றார். விட்டாள். நின்றாள். ஆடினாள், ஆனாலும் நின்றாள். கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டு, முகம் கோண, "மிஸ்... நான்... ஒயரம்" என்றாள். உட்கார்ந்தே வளர்ந்த பிள்ளை, தன் உயரத்தை அவள் அன்றுதான் பார்க்கிறாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிசியோ சாரும் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றைக்கு அவர் அவள் அம்மாவிடம் சொன்னார்: "ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறப்ப இவ பிரேயர்ல நிப்பா. நான் நிக்க வெப்பேன். ஆனா ஒண்ணு, வளர்ற வயசு. எலும்பு சடசடன்னு நீளும், இறுகிப்போன நரம்பு கூட வராது. அதனால நடுவுல விடவே கூடாது. விட்டா முட்டி மடங்கிக்கும். அப்பறம் என்னால ஆவாது." அம்மா தலையை ஆட்டினாள். வீட்டுக்குப் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள். அந்த ஆள் மறுநாளே உப்பளத்தில் கூட வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்திருக்கிறார், பெண் நின்றுவிட்டாள் என்று.

பொங்கல் முடிந்ததும் எங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள்.

மேற்பார்வையாளர் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவை மூடி மூடித் திறந்தார். "மேலேர்ந்து ஃபண்டு வரல" என்றார்.

"எந்த மேல சார்?" என்று கேட்டேன்.

"மேலன்னா மேலதாம்மா."

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! மேலே என்றால் விழுப்புரமா, சென்னையா, டெல்லியா, இல்லை பரலோகமா? அவரைக் குடைந்து குடைந்து கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. எங்கள் திட்டத்துப் பணத்தில் பெரும்பங்கு டெல்லி தருவது, மீதி சென்னை போடுவது. டெல்லிக்கு ஒரு கல்விக் கொள்கை இருக்கிறது, அதை ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் தங்கள் பங்கை விடுவோம் என்கிறார்கள். அதில் மூன்றாவது மொழி இருக்கிறது, வேறு என்னென்னவோ இருக்கிறது, கையெழுத்துப் போட முடியாது என்கிறது சென்னை. ஆகவே பணம் நின்றது. ஆகவே வேன் நின்றது. பிசியோ சாருக்கு மாசக் கடைசியோடு ஒப்பந்தம் முடிகிறது, புதுப்பிக்க மாட்டார்கள். எங்களைப் போன்ற ஆசிரியைகளை வைத்துக்கொள்வார்கள், சம்பளம் வரும்போது வரும்.

"கையெழுத்து போடறதுக்கும் வேன் ஓடறதுக்கும் என்னா சார் சம்பந்தம்?" என்று பின்னால் இருந்து ஒருத்தி கேட்டாள். மேற்பார்வையாளர் பேனாவை மறுபடி மூடினார். பாவம், அவருக்கு மட்டும் என்ன தெரியும்?

அந்த நாட்களில் எந்த வீட்டில் டி.வி.யைப் போட்டாலும் இதே சண்டைதான். நாலு பேர் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கல்வி யார் கையில் இருக்க வேண்டும் என்று கத்துவார்கள். முன்னொரு காலத்தில் அது மாநிலத்தின் கையில் மட்டும் இருந்ததாம். பிறகு சட்டத்தை மாற்றி இரண்டு பேருக்கும் பொது என்று ஆக்கினார்களாம். பொது என்றால் இரண்டு பேரும் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் பச்சைப்பிள்ளை மாதிரி நினைத்திருந்தேன். இரண்டு பேரும் கையை விரிக்கலாம் என்பதும் அதில் அடக்கம் என்று அப்போதுதான் புரிந்தது.

என் வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டே டி.வி.யைப் பார்த்து, "போடக் கூடாது. கையெழுத்து போடவே கூடாது. இன்னிக்கு இதுக்குக் குனிஞ்சா நாளைக்கு எல்லாத்துக்கும் குனியணும்" என்பார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. எனக்கும் அதே எண்ணம்தான். இங்கே என்ன மொழியில் என்ன பாடம் நடத்துவது என்று இந்த உப்புக் காற்றை ஒரு நாளும் சுவாசிக்காதவர்கள் ஏன் முடிவு செய்ய வேண்டும்? நம்மிடம் வாங்கின வரிப் பணத்தை நமக்கே தர நிபந்தனை எதற்கு? இன்றைக்குக் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனால் சென்னை பக்கம் நியாயம் இருந்ததால் அந்தப் பிள்ளையின் முட்டி மடங்காமல் இருந்துவிடுமா? சென்னையாவது, சண்டை போகிற போக்கில் போகட்டும், இந்த ஒரு வேனுக்கு எங்கேயிருந்தாவது டீசல் போடுவோம் என்று நினைத்ததா? நான் இதை வாய்விட்டே கேட்டேன். "வெறும் சோத்தையே தட்டுல போட்டுட்டுக் கொள்கை பேசறியே, கொழம்பு எங்க?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நான் குழம்புச் சட்டியை அவர் முன்னால் டங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனேன்.

வேன் நின்ற பிறகும் அவள் அப்பா விடவில்லை. வியாழக்கிழமை உப்பளத்தில் சொல்லிவிட்டுப் பாதியில் வந்து, பெண்ணைத் தோளில் போட்டுக்கொண்டு, காலிப்பரை ஒரு சாக்குப் பையில் திணித்துக்கொண்டு ரோட்டுக்கு வந்து நிற்பார். ஈ.சி.ஆர். பஸ்கள் அங்கே சாமானியத்தில் நிற்காது. நின்றாலும் கண்டக்டர், "சீக்கிரம் ஏறுப்பா, டைம் ஆவுது" என்று விரட்டுவார். அப்படியும் அந்த மாசக் கடைசி வரை கொண்டு வந்தார். உப்பு வாரும் காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. பாதி நாள் வேலை என்றால் பாதி நாள் கூலி.

கடைசி வியாழக்கிழமை பிசியோ சார் அவரை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். "இத பாருப்பா. புள்ளைய மல்லாக்கப் படுக்க வெச்சு, காலுக்கு அடில ஒரு துணிய சுருட்டி வை. துணிப்பையில மணல ரொப்பி முட்டி மேல வை. பாரத்துல கால் தானா நீளும். தெனம் அரை மணி நேரம். அதுக்கு மேல வேணாம். என்னா?" அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்க சார், சரிங்க சார்" என்றார். பிசியோ சார் அவளிடம், "வரட்டாடா குட்டி?" என்றார். அவள் "டேய்" என்றாள். இந்த முறை வலியில் இல்லை. அவர் சென்னையில் தனியார் கிளினிக் ஒன்றில் சேர்ந்துவிட்டார். அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.

என்னை வேறு வேலையில் போட்டார்கள். பள்ளி பள்ளியாகப் போய்க் கம்ப்யூட்டரில் மாணவர் விவரம் ஏற்ற வேண்டும். வானூர் பக்கமெல்லாம் அனுப்பினார்கள். வீடுகளுக்குப் போய்வரக் கொடுத்த பெட்ரோல் காசும் நின்றது. சிறப்பாசிரியை படிப்பைப் படித்துவிட்டு, யாருக்கு ஆதார் எண் தப்பு, யாருக்குப் பிறந்த தேதி தப்பு என்று உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நடுநடுவே அவள் அம்மாவுக்குப் போன் போடுவேன்.

"பை வெக்கறீங்களாம்மா?"

"வெக்கறோம் மிஸ். தெனம் வெக்கறோம். நல்லா இருக்கா மிஸ்."

பின்னால் அவள் குரல், ஏதோ சொல்லும். அம்மா சிரித்துக்கொண்டே, "ஒங்க ஸ்கூட்டி இன்னும் ஓடுதான்னு கேக்கறா மிஸ்" என்பாள். ஓடுகிறது என்று சொல் என்பேன்.

கத்திரி வெயில் சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்ததும், மாதா கோயிலில் கொடுத்த இனிப்பு கொஞ்சம் கையில் இருந்தது, அதை அவளுக்குக் கொடுத்துவிட்டு வருவோம் என்று ஸ்கூட்டியை உப்பளப் பக்கம் திருப்பினேன். பாத்திகளில் வெள்ளை வெயில் கண்ணைக் குத்தியது. அவள் அப்பா அம்மா இருட்டோடு வேலைக்குப் போனவர்கள் இன்னும் திரும்பவில்லை. ஞாயிறானாலும் சீசனில் வேலை உண்டு. பக்கத்து வீட்டுப் பெண் அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொள்வாள். கதவு வெறுமனே சாத்தியிருந்தது.

பாயில் மல்லாக்கப் படுத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, இழுத்து இழுத்து, "மிஸ்... குண்டாயிட்ட" என்றாள். "ஆமாண்டி, ஒன்ன விட்டுட்டு நல்லா சாப்பிட்டேன்" என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் அந்த வாடை வந்தது. முதலில் கருவாடு என்று நினைத்தேன்.

இரண்டு முட்டியின் மேலும் இரண்டு மூட்டை. பழைய லுங்கித் துணியில் தைத்து, விலகாமல் இருக்கக் கிழிசல் சேலையால் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. துணி சொதசொதவென்று நனைந்திருந்தது. தொட்ட விரலை மூக்கருகே கொண்டு போனேன், நாக்கிலும் வைத்துப் பார்த்தேன். உப்பு.

மாதாவே! கட்டை அவிழ்த்தேன். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் விட்டு விட்டு எடுத்தேன். முட்டியைச் சுற்றி வெந்த மாதிரி சிவப்பும், அதன் நடுவே குழியும், குழிக்குள் சீழும். கட்டுத் துணி அழுத்தின இடமெல்லாம் வெடிப்பு. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். பிசியோ சார் விரல் வைத்தாலே ஊரைக் கூட்டுகிற பிள்ளை, ஒரு சத்தம் போடவில்லை.

அந்த நேரம் பார்த்து அவள் அப்பா அம்மா வந்துவிட்டார்கள். இரண்டு பேர் காலிலும் உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"என்னாப்பா இது? அறிவு இருக்கா ஒனக்கு?" என்று நான் கத்தின கத்தலில் பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்தாள். "மணல்னாரு இல்ல? மணல்னா மணல வெக்க வேண்டியதுதான? உப்ப எவன்டா வெக்கச் சொன்னான்?"

அவர் திகைத்துப்போய் நின்றார். "மணல்ல என்னா டீச்சர் இருக்குது? வெறும் பாரம். உப்புன்னா பாரமும் ஆச்சு, வலியவும் இழுக்கும்ல. எங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சுன்னா உப்புதான வறுத்து ஒத்தடம் குடுக்கறோம்? அதான் காத்தால வறுத்து, சூட்டோட கட்டிட்டுப் போறது."

"அரை மணி நேரம்னாரே!"

"அரை மணிக்கே நீளும்னா, நாங்க வர்ற வரைக்கும் இருந்தா நல்லா நீளும்ல மிஸ்?" அம்மா இதைச் சொன்னாள். "பாத்தில தண்ணி எவ்ளோ நாளு நிக்குதோ அவ்ளோதான உப்பு எறங்கும். அவசரப்பட்டு வாரினா ஒண்ணும் தேறாதுன்னு நாங்களே..." என்று ஆரம்பித்தவள், பாயில் மகளின் காலைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

பள்ளி நாட்களில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவளைக் கூட்டிப் போக வந்து அவிழ்க்கும் வரை அந்த மூட்டை இருந்திருக்கிறது. லீவு விட்ட பிறகு, காலையில் கட்டினால் உச்சிவெயிலுக்குத்தான் அவிழ்த்திருக்கிறார்கள். வறுத்த உப்பு ஆறி, கடல் காற்று பட்டுக் கசிந்து, அந்த நீரிலேயே தோல் ஊறியிருக்கிறது.

"இந்தப் புண்ணப் பாக்கலியா? ரெண்டு பேருக்கும் கண்ணு இல்லியா?"

அவர் தன் காலைத் தூக்கி என்னிடம் காட்டினார். குதிகாலிலும் விரலிடுக்கிலும் வெடித்து வெடித்து, சிவந்த குழிகள். சிலது ஆறினது, சிலது ஆறாதது. "எங்க கால்ல இல்லாத புண்ணாங்க டீச்சர்? எண்ணெ தடவினா ஆறிப்பூடும்னு நெனச்சோம். இவளுக்கும் தடவினோம். வலிக்குதாம்மா, வலிக்குதாம்மான்னு தெனம் கேப்பேன். இல்லன்னுதான் சொல்லுவா."

உப்புப் புண் அந்த வீட்டில் யாருக்கும் வியாதி கிடையாது. மனுஷன் என்றால் காலில் புண் இருக்கும், அவ்வளவுதான்.

அன்றே ஆட்டோ பிடித்துப் புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். புண் ஆழமாக இறங்கியிருந்தது. கட்டுப் பிரித்துக் கட்டு போட்டு, தோல் எடுத்து ஒட்டி, மறுபடி சீழ் பிடித்து, மறுபடி சுத்தம் செய்து. ஜூன் மாதம் பள்ளி திறந்து ஐந்தாம் வகுப்பில் அவள் பெயர் கூப்பிட்டபோது அவள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாள். நீட்டினால் வலி என்பதால் முட்டியை மடக்கியே வைத்திருந்தாள். மடக்கியே வைத்திருந்த முட்டி மடங்கினபடியே இறுகிப்போனது. அதே கோடையில் விரல் நீளத்துக்கு வளர்ந்தும் விட்டாள். காலிப்பரைக் கொண்டு வந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார் அவள் அப்பா. அது வேறு யாருடைய காலுக்கோ செய்தது போல் இருந்தது.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் எங்கிருந்தோ கொஞ்சம் பணம் வந்தது. கோர்ட்டு கேள்வி கேட்டதில் டெல்லி இறங்கி வந்ததாகச் சிலர் சொன்னார்கள், சென்னையே தன் பெட்டியிலிருந்து போட்டதாகச் சிலர் சொன்னார்கள். டி.வி.யில் இரண்டு பக்கத்துக்காரர்களும் நாங்கள்தான் ஜெயித்தோம் என்றார்கள். எங்கள் மையத்துப் பூட்டைத் திறந்து, பாயை வெயிலில் போட்டு உதறினோம். புது பிசியோ வந்தாள். வேலூர்ப் பக்கத்துப் பெண், படித்து முடித்த கையோடு வந்தவள், எதைக் கேட்டாலும் பளிச்சென்று பேசுவாள். அந்த வாரமே வேனும் ஓடியது. முதல் வியாழக்கிழமையே இவளைத் தூக்கிக்கொண்டு அவள் அப்பா வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை போட்டிருந்தார்.

வராந்தாவில் எங்களுக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். அவர் என்னிடம் மெதுவாக, "டீச்சர், அந்தப் பணம் வந்துடுச்சுன்னாங்க. அப்ப இனிமே சரியாப்பூடும்ல?" என்றார். பார்ப்போம்ப்பா என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "அது ஏன் டீச்சர் நின்னுச்சு?" என்று கேட்டார். இத்தனை மாதத்தில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான். நான் டெல்லியைச் சொன்னேன், சென்னையைச் சொன்னேன், கொள்கை, கையெழுத்து எல்லாம் சொன்னேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். மழை ஏன் நின்றது என்று சொன்னாலும் அந்த மனுஷன் அதே மாதிரிதான் கேட்டிருப்பார். இவள் அவர் மடியில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் புடவையைப் பற்றி அன்று ஒன்றும் சொல்லவில்லை.

உள்ளே கூப்பிட்டார்கள். பாயில் படுக்கவைத்தோம். புது பிசியோ முட்டிக்கு அடியில் ஒரு கையும் குதிகாலில் ஒரு கையும் வைத்து மெதுவாக நீட்டிப் பார்த்தாள். நீளவில்லை. பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தாள். பாவாடையை ஒதுக்கி, சுருங்கிப் பளபளத்துக் கிடந்த தோலை விரலால் தடவினாள். பிறகு அடுத்த முட்டி. எனக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எக்சர்சைஸ்ல வர்ற ஸ்டேஜ் இல்ல மேடம் இது" என்றாள் என்னிடம். "தோலும் சேந்து இறுகிடுச்சு. பெரிய ஆபரேஷன் பண்ணணும். அப்பவும் நிப்பாளான்னு கேட்டா, நான் பொய் சொல்ல மாட்டேன்." பிறகு அந்தத் தழும்பை மறுபடி பார்த்தவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்ல பெண், அதனால் வந்த கோபம். "இது பொறந்ததுலேர்ந்து இருந்த காயம் இல்லியே. யாரு இப்படிப் பண்ணது?"

அவள் அப்பா சுவரோரமாக நின்றிருந்தார். கையைக் கட்டிக்கொண்டார். "நான்தாங்க மேடம்" என்றார். "நான்தான் பண்ணேன்."

"அப்படி இல்ல மேடம், இங்க ஒரு வருஷமா பிசியோவே கெடையாது, வேனும் கெடையாது" என்று நான் படபடவென்று ஆரம்பித்தேன். அவர் என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினார். "உப்பு வெச்சது நான்தான டீச்சர்?"

அப்போது பாயில் படுத்திருந்தவள் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். முகம் கோணிக்கொண்டது, கழுத்து நரம்பு புடைத்தது. புது பிசியோவுக்கு அவள் பேச்சு பழக்கமில்லை, குனிந்து காதைக் கொடுத்தாள். நாங்கள் மூன்று பேரும் காத்திருந்தோம்.

"அப்பா... இல்ல. நான்."

இத்தனை மாதமாக டெல்லியிலும் சொல்லாத, சென்னையிலும் சொல்லாத, எங்கள் ஆபீசில் ஒரு நாற்காலியும் சொல்லாத ஒரு சொல்லை, அப்பனும் மகளும் எனக்கு உனக்கு என்று எடுத்துக்கொண்டார்கள்.

"நீ என்னாடா கண்ணு பண்ண?" என்று கேட்டாள் புது பிசியோ.

"வலிச்சுது" என்றாள் அவள். மூச்சு வாங்கினாள். "சொல்லல."

"ஏன்டா சொல்லல?"

அவள் அப்பாவைப் பார்க்காமல், என்னையும் பார்க்காமல், எதிரே இருந்த கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாக வெளியே தள்ளினாள்.

"சொன்னா... அவுத்துடுவாங்க."

அவள் அப்பா வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.